சரிபார்த்து விற்ற துப்பாக்கி

மூன்று நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். ஏப்ரலில் மாநிலத் தலைநகர் அகஸ்டாவில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் உங்கள் சட்டமன்றக் குழு எல்லோருக்கும் தந்தது போல எனக்கும் மூன்று நிமிடம் தந்தது. நான் இரண்டு நிமிடம் நாற்பது நொடியில் முடித்துவிட்டேன். "வேற ஏதாவது சேர்க்கணுமா, மிஸ்டர் மேஹ்யூ?" என்று உங்கள் தலைவர் கேட்டார். இல்லை என்றேன். மிச்சமிருந்த இருபது நொடியில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதி அனுப்புகிறேன். எழுத ஆரம்பித்தபோது இவ்வளவு நீளும் என்று தெரியவில்லை.

அன்று நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. என் பெயர் கோர்லிஸ் மேஹ்யூ. ஹாட்லாக் ஊர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக எழுத்தர். நாய் உரிமம், வேட்டை உரிமம், படகுப் பதிவு, பிறப்பு, இறப்பு எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். என் தம்பி எமரி சென்ற பிப்ரவரியில் எங்கள் அப்பாவின் ரைஃபிளால் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அந்த ரைஃபிளை அதற்கு முந்தின செப்டம்பரில் வெண்டல் பீச் என்பவனுக்கு விற்றவன் நான். தனியாள் ஒருவர் இன்னொரு தனியாளுக்குத் துப்பாக்கி விற்றால், வாங்குபவரின் பின்னணியைப் பார்க்க வேண்டிய கட்டாயம் நம் சட்டத்தில் இல்லை. இருந்தும் வெண்டலை உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்கு அழைத்துப்போய், படிவம் நிரப்பவைத்து, சரிபார்த்த பிறகே கொடுத்தேன். வெண்டல் அதையே பிறகு எமரிக்கு விற்றான். அவன் எதுவும் பார்க்கவில்லை, கேட்கவில்லை.

நானாக முன்வந்து செய்ததை வெண்டல் சட்டப்படி செய்ய வேண்டியிருந்திருந்தால் என் தம்பி இன்று இருந்திருப்பான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தனியார் விற்பனைக்கும் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கும் இந்த மசோதாவை எதிர்க்கும் உறுப்பினர் ஒருவரே எழுந்து, "எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா இந்தச் சட்டமே வேண்டாம்" என்றார். பின்வரிசையில் சிலர் கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எமரியின் மனைவி நாடீன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கோட்டின் மேல்தான். ஆனாலும் பிடித்தாள்.

அன்று காலை ஆரஞ்சுத் தொப்பிக்காரர் ஒருவர் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். "என் மச்சானுக்கு ரெண்டு நாளைக்கு ரைஃபிளை இரவல் குடுத்தா நான் ஜெயிலுக்குப் போகணுமா?" என்று கேட்டார். "உன் மச்சானை நான் பாத்திருக்கேன். அவனுக்குக் குடுக்காம இருக்கிறதே நல்லது" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. அவர் அசரவில்லை. "சின்ன ஊருங்க எங்களுது. ஒருத்தரை ஒருத்தர் தெரியும். யாருக்கு விக்கலாம், யாருக்கு விக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுக்க எவனுக்கோ போன் போட வேண்டியதில்ல" என்றார். நல்ல மனிதர். ஆனால் எங்கள் ஊரில் எமரியைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அவனுக்குப் பித்தப்பையில் கல் என்பது. அதை ஊருக்குச் சொன்னவர்கள் நானும் நாடீனும்.

எமரி என்னைவிட மூன்று வயது சின்னவன். பதினோரு வயதில் முதல் மானை அடித்தான். எனக்கு அப்போது பதினான்கு. அதுவரை நான் அடித்தது ஒரு முயல், அதுவும் பாதி. மானோடு அவன் நிற்கும் படம் ஊர்க் கடைச் சுவரில் பல வருடம் தொங்கியது. இருநூறு பவுண்டுக்கு மேல் எடையுள்ள மான் அடித்தவர்களுக்குச் சட்டையில் தைத்துக்கொள்ள ஒரு துணிப்பட்டை தருவார்கள். எமரியிடம் அப்படி நான்கு இருந்தன. அப்பா சாகும்போது ரைஃபிளை அவனுக்குக் கொடுத்தார். "கோர்லிஸுக்குத்தான் படிக்கப் பிடிக்குமே" என்று எனக்குக் கலைக்களஞ்சியத்தைக் கொடுத்தார். அதில் கடைசித் தொகுதி இல்லை.

நாடீனை நான்தான் முதலில் ஊரார் கூடிச் சாப்பிடும் சனிக்கிழமை பீன்ஸ் விருந்துக்கு அழைத்துப்போனேன். இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். என் காரில் வந்தாள். எமரி எதிரே உட்கார்ந்து ஏதோ சொன்னான். அவள் சிரித்த சிரிப்பில் பழரசம் மூக்கு வழியாக வந்தது. திரும்பிப் போகும்போதும் என் காரில்தான் போனாள். ஆனால் வழியெல்லாம் அவனைப் பற்றியே கேட்டாள். நான் பதில் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் நடந்தது. எனக்கு யார்மேலும் கோபமில்லை.

காகித ஆலை மூடிய பிறகு எமரி தூங்காமலானான், பிறகு பேசாமலானான். போன வருடம் ஜூன் மாதம் அவனை நீலத்தாளில் கொண்டுபோனார்கள். நோயாளியின் சம்மதமில்லாமலே மருத்துவமனையில் சேர்ப்பதற்கான படிவத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு நீதிபதி கையெழுத்திட்டு அதை நாற்பது நாளாக்கினார். அந்தக் கையெழுத்தோடு எமரியின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. இனி எந்தக் கடையிலும் அவனுக்குத் துப்பாக்கி கிடைக்காது. "ஊருக்குத் தெரிய வேண்டாம் கோர்லிஸ். அவன் தாங்க மாட்டான்" என்றாள் நாடீன். பித்தப்பைக் கல் என்பது என் யோசனை. வருகிறவர்களிடமெல்லாம் மேசையில் இருந்தபடியே சொன்னேன். "கொழுப்பைக் குறைக்கச் சொல்லு" என்றார்கள். மூன்று பேர் வாழ்த்து அட்டை அனுப்பினார்கள்.

அந்த நாற்பது நாளில் வாரம் நான்கு நாள் நாடீன் வீட்டில் சாப்பிட்டேன். நானாகப் போகவில்லை, அவள்தான் கூப்பிட்டாள். வெளிக்கதவின் கீலைச் சரிசெய்தேன், குளிர்காலத்துக்கு விறகு பிளந்து அடுக்கினேன். மேசையில் எமரியின் நாற்காலியில் உட்கார்ந்தேன், மற்றதில் துவைத்த துணி குவிந்து கிடந்ததால். ஒரு நாள் அந்தத் துணியை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். அப்போதும் நான் நாற்காலி மாறவில்லை. அவளும் மாறச் சொல்லவில்லை.

மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். வீட்டில் துப்பாக்கி இருக்கக் கூடாது, அவன் கைக்கு எட்டும் இடத்திலும் கூடாது, ஜனவரி பிப்ரவரியில் விசேஷக் கவனம் வேண்டும், பார்க்கத் தேறினாற்போல இருக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். நாடீன் அழுதுகொண்டிருந்ததால் நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

ஆகஸ்டில் எமரி திரும்பி வந்தான். தேறித்தான் வந்தான். முதல் வாரமே நாடீன் என்னிடம், "நீ எங்களுக்காக எவ்வளவோ பண்ணிட்ட. இனிமே நாங்க பாத்துக்கறோம். போய் நிம்மதியா இரு" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதன்பின் என் சமையலறையில் டின்னைத் திறந்து சூப்பைச் சூடாக்கி, நின்றபடியே குடித்தேன். ஒரு மாலை அந்த வழியாக நடந்துபோனபோது ஜன்னல் திறந்திருந்தது. இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சரிசெய்த கதவு சத்தமில்லாமல் மூடியது.

எமரியின் ஐந்து துப்பாக்கிகளும் ஜூனிலிருந்தே என் வீட்டு அலமாரியில் பூட்டுக்குள் இருந்தன. செப்டம்பரில் நாடீன், "வித்துடு கோர்லிஸ். இந்தப் பக்கமே இருக்க வேண்டாம்" என்றாள். சரி என்றேன். ஆல்டனின் துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோனேன். தெற்கே வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு கடைக்கு மொத்தமாக அனுப்பப்போவதாக ஆல்டன் சொன்னார். நான்கைக் கொடுத்தேன். "அதையும் குடுத்துடேன், அஞ்சாப் போகட்டும்" என்று அப்பாவின் ரைஃபிளைக் காட்டினார். "இது வெண்டலுக்குன்னு சொல்லிட்டேன்" என்றேன். அப்போது வெண்டலிடம் நான் பேசியிருக்கவே இல்லை. அன்று மாலைதான் போன் செய்தேன்.

வெண்டல் பீச்சைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. எமரி வீட்டிலிருந்து பதினோரு மைல் தூரத்தில், சாலையோரமாக ஒரு பெரிய மரக்கொட்டகை. மரமறுக்கும் இயந்திரம், படகு, பனிச்சறுக்கு வண்டி, துப்பாக்கி எது வேண்டுமானாலும் வாங்குவான், விற்பான், மாற்றிக்கொள்வான். யாரையும் எதுவும் கேட்க மாட்டான். அதனால்தான் அவன் கொட்டகைக்கு எப்போதும் ஆள் வரும். எனக்கு அது தெரியும். அடுத்த வாரம் அவனை ஆல்டன் கடைக்கு அழைத்துப்போனேன்.

"வெண்டலையா சரிபார்க்கணும்?" என்றார் ஆல்டன். "இவனை டயப்பர் கட்டின நாள்லேர்ந்து தெரியும் எனக்கு. பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், மண்டைக்குள்ள ஏதாவது இருக்கானு."

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லியே" என்றான் வெண்டல்.

"இருந்திருந்தா நீ மாட்டியிருப்ப."

வெண்டல் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவைத்து ஒவ்வொரு கேள்வியாக உரக்கப் படித்தான். "'நீதிமன்ற உத்தரவால் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது உண்டா?' என் வீட்டுக்காரி பாக்கிற பார்வைக்கு, 'இன்னும் இல்ல'ன்னு எழுதட்டுமா?"

மூவரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தக் கேள்வியின்மேல் அவன் விரல் இருந்தபோதே என் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பித்தப்பை இல்லை, நீலத்தாள் என்று சொன்னால் போதும். சொல்லவில்லை. போனில் ஆறு நிமிடத்தில் பதில் வந்தது, விற்கலாம் என்று. தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்கள் வட்டாரத்தில் சொந்தத் துப்பாக்கியை விற்கும்போது இப்படி நகல் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்று ஆல்டன் கிண்டல் செய்தார். நாடீனிடம் எல்லாம் தெற்கே போய்விட்டது என்றேன்.

அப்போது என் மனதில் இதுதான் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த ரைஃபிள் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது போல. சாப்பிடப்போவதில்லை, ஆனால் இருக்கிறது.

இலையுதிர்காலம் நல்லபடியாகப் போனது. டிசம்பரில் எமரி மறுபடி தாடி வளர்க்க ஆரம்பித்தான், சாப்பாட்டைத் தட்டிலேயே விட்டான். நாடீன் மறுபடி என்னைக் கூப்பிட்டாள். நான் மகிழ்ச்சியாகப் போனேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த முறை எல்லாம் வேறு மாதிரி இருந்தது. எமரி இல்லாத வீட்டில் நான் இருந்தேன். நோயாளி எமரி இருக்கும் வீட்டில் யாருக்கும் நான் கண்ணில் படவில்லை.

ஜனவரி கடைசியில் ஒரு மாலை போனபோது, சமையலறை நடுவில் அவனை உட்காரவைத்து, தோளில் துண்டு போட்டு, நாடீன் முடி வெட்டிக்கொண்டிருந்தாள். தாடி போயிருந்தது.

"வா பெரியவரே," என்றான் எமரி. "வீட்டுலயே சலூன் வச்சாச்சு. காது போனா காப்பீடு உண்டானு கேட்டேன், இல்லேங்கறா."

"ஆடாம உக்காரு. ஆடினா காதோட நிக்காது, மூக்கும் போகும்."

"மூக்கை எடுத்துக்கோ. அது எங்கப்பாவோடது, எனக்கு என்னிக்குமே பிடிக்கல."

பல வாரத்துக்குப் பிறகு அவன் சொன்ன முதல் வேடிக்கை அது. நாடீன் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெட்டி முடித்து, துண்டை உதறிய பிறகும் அவள் கை அவன் பிடரியிலேயே இருந்தது. எவ்வளவு நேரம் இருந்தது என்று எனக்குத் தெரியும். அடுப்பின் கடிகாரம் எனக்கு எதிரே இருந்தது. நான்கு நிமிடம். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. என் பிடரியில் முடிதிருத்துபவரின் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை.

மறுநாள் நாய் உரிமத்துக்குக் கடைசி நாள். எமரியே அலுவலகத்துக்கு வந்தான். தேறினாற்போல இருந்தான். அவன் நாயின் பெயர் டீக்கன். "இதுதான் பெரியவரே, இந்த மாநிலம் எனக்குன்னு விட்டுவச்சிருக்கிற ஒரே உரிமம்" என்று சிரித்தான். நான் முத்திரை குத்தினேன். நாயின் கழுத்தில் மாட்டும் தகரப் பட்டையை அவன் கையில் கொடுத்தேன். பிறகு சொன்னேன்.

"அப்பாவோட ரைஃபிள் வெண்டல்கிட்டத்தான் இருக்கு. இன்னும் யாரும் வாங்கல. போய்ப் பாத்தேன், பின்னால தார்ப்பாய்க்கு உள்ள நல்லாத்தான் வச்சிருக்கான்."

அவன் தகரப் பட்டையை விரல்களில் திருப்பினான். "எல்லாம் தெக்க போயிடுச்சுன்னு நாடீன் சொன்னாளே."

"நாலுதான் போச்சு."

தகரப் பட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினான். "அதை வெளியூருக்கு அனுப்பாம இருந்தியே, நல்ல மனசு உனக்கு" என்றான்.

நான்காம் நாள் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. இறப்புப் பதிவை நான்தான் எழுதினேன். அது போதும்.

ரைஃபிள் வெண்டலிடமிருந்து வந்தது என்று தெரிந்ததும் நாடீன் என்னிடம் வந்தாள். ஆல்டன் அதை எடுத்துக்கொள்ளவில்லை, அதனால் வெண்டலுக்கு விற்றேன் என்றேன். இந்தக் கடிதத்தில் இல்லாத பொய் அது ஒன்றுதான். அதையும் இதோ சேர்த்துவிட்டேன். தாளின் நகலைக் காட்டினேன். அதை மார்போடு வைத்துக்கொண்டு அழுதாள். "நீயாவது பாத்துக் குடுத்த" என்றாள். ஊர் முழுக்க வெண்டலைத் திட்டியது. அவன் தபால் பெட்டியை மூன்று முறை உடைத்தார்கள். பிறகு நாடீன் இந்த மசோதாவுக்காக வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். கையெழுத்துத் தாள்களில் மேலே, 'எமரியின் சட்டம்' என்று அச்சிட்டிருந்தார்கள். அவன் உயிரோடு இருந்தபோது ஒரு மேசையில்தான் அவனுக்கு எதிரே உட்கார வேண்டியிருந்தது. இப்போது எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் அவன் பெயரை நான்தான் உச்சரிக்க வேண்டியிருந்தது.

கூட்டத்தில் எனக்குப் பிறகு வெண்டல் பேசியதை நீங்கள் கேட்டீர்கள். அவன் வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றான்.

"நான் கேக்கலதான். கேக்கணும்னு சட்டம் இல்ல. இப்ப தினமும் கேக்கறேன், கண்ணாடியப் பாத்து. எமரிக்குப் பித்தப்பை ஆபரேஷன்னுதான் எனக்குத் தெரியும். 'உடம்பு எப்பிடியிருக்கு'ன்னேன், 'தேவல'ன்னான். அந்தத் துப்பாக்கிக் கட்டையில கை வச்சான், 'அப்பாவோடது'ன்னான். அப்பன் துப்பாக்கிய மகன் கேக்கறான், எப்படி இல்லேன்னு சொல்றது? நான் அதை விக்கவே வைக்கல. குடும்பத்துல யாராவது ஒரு நாள் தேடி வருவாங்கன்னு பின்னால, தார்ப்பாய்க்கு உள்ள வச்சிருந்தேன். வெளில யாருக்கும் சொல்லல. அவன் நேரா உள்ள போய் தார்ப்பாயத் தூக்கினான்."

நாடீனின் கை என் முழங்கையிலிருந்து விலகியது.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். நாற்பது மைல் தாண்டியிருந்தது. பிறகு சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"எமரிக்கு யார் சொன்னா?"

"ஊர்ல எல்லாருக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரியாது கோர்லிஸ். நான் அவன் பொண்டாட்டி, எனக்குத் தெரியாது. வெண்டல் யாருக்கும் சொல்லலேங்கறான். இது தெரிஞ்ச ஆள் யாரு?"

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை. நான் இறங்கும்வரை காத்திருந்தாள். அதற்குப் பிறகு பதினேழு நாளாக அவள் போனை எடுக்கவில்லை.

உங்கள் வாக்கெடுப்பு வரும் வாரம் என்று கேள்விப்பட்டேன். மசோதாவை நிறைவேற்றுங்கள். ஆரஞ்சுத் தொப்பிக்காரர் சொன்னது ஒரு விதத்தில் சரிதான். இந்தச் சட்டம் இருந்திருந்தாலும் என்னை அது தடுத்திருக்காது. ஆனால் வெண்டலைத் தடுத்திருக்கும். அப்போது நான் சொன்னது, அண்ணன் தம்பிக்குச் சொன்ன ஒரு சாதாரணச் செய்தியாகவே போயிருக்கும். நானும் நல்லவனாகவே இருந்திருப்பேன். வெண்டலை விட்டுவிடுங்கள். ஆல்டன் கேட்டும் கொடுக்காமல் அந்த ரைஃபிளை நிறுத்திவைத்தவன் நான். பதினோரு மைலில் அதை மாட்டிவைத்தவன் நான். மருத்துவர் சொன்ன மாதத்தில், மருத்துவர் சொன்ன வேளையில், அது இருக்கும் இடத்தைத் தம்பிக்குச் சொன்னவன் நான். அவன் என்ன செய்வான் என்று தெரிந்துதான் சொன்னேன். அதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று உங்கள் வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் எங்கும் போகப்போவதில்லை.

இதன் பிரதி ஒன்றை நாடீனுக்கும் அனுப்பியிருக்கிறேன். முதலில் அவளுக்குக் கோபம் வரும். கோடைவரைகூட இருக்கலாம். ஆனால் யோசித்துப்பார்த்தால் தெரியும்: எமரி தேறிவிட்டேன் என்று அவளிடம் பொய் சொன்னான், ஊர் அவளுக்கு ஆறுதலாகப் பொய் சொன்னது. உண்மையை உட்கார்ந்து எழுதிக்கொடுத்தவன் நான் ஒருவன்தான், அப்படிப்பட்டவனை அவள் தனியாகச் சாப்பிட விடமாட்டாள்.